ஐம்பத்தேழு வருடங்கள் தாமதித்து வந்த வெற்றிக் கிண்ணம்

கார் ஓட்டப் பந்தயத்துக்கும் எங்கள் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். பந்தயம் என்றாலே வசதி படைத்த வீட்டு இளைஞர்களின் பொழுதுபோக்கு, பணத்தைப் புகையாக்கும் வேலை என்பதுதான் நம்மில் பலரது எண்ணம். அந்த எண்ணம் முற்றிலும் பிழை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இங்கே நீங்கள் வாசிக்கப்போவது பணக்கார வீட்டுப் பிள்ளையைப் பற்றியல்ல. கராஜ் ஒன்றை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஓர் ஏழை மெக்கானிக்கைப் பற்றியது. மனைவியும் மக்களும் சேர்ந்து உழைத்து அவருடைய காரை ஓட வைத்தார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் நாட்டின் முதல்தரப் பந்தயங்களில் ஓடிய அவர் ஒரேயொரு தடவைதான் வென்றார். அந்த ஒரு வெற்றியின் கிண்ணத்தையும் அவர் உயிரோடிருந்தவரை கண்ணாற் காணவில்லை.

அவர் பெயர் வென்டல் ஸ்கொட். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்ற நகரத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர்.

முதலில் இந்தப் பந்தயம் எத்தகையது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்டொக் கார்' பந்தயம் என்று இதற்குப் பெயர். தனிப்பட அமைக்கப்பட்ட விசேட வண்டிகளிலல்ல, கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரணக் கார்களில் ஓடும் பந்தயம் என்பதே அதன் கருத்து. எஞ்சினை முடுக்கி, உள்ளே இரும்புச் சட்டங்களைப் பொருத்தி, முட்டை வடிவான திடலில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடுவார்கள். இன்றைய பந்தயக் கார்கள் அப்படியல்ல, அவை பெயரளவில்தான் ஸ்டொக் கார்கள். ஆனால் ஸ்கொட்டின் காலத்தில் ஒருவர் பழைய காரொன்றை வாங்கி, தன் கையாலேயே திருத்தி, பந்தயத்துக்குக் கொண்டு போக முடியுமாயிருந்தது.

இந்தப் பந்தயம் பிறந்த விதமும் விசித்திரமானது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. தென் மாநிலங்களின் மலைப்பகுதிகளில் நம்மூர்க் கசிப்பைப் போன்ற கள்ளச்சாராயம் காய்ச்சி, இரவோடிரவாகக் காரில் ஏற்றி நகரங்களுக்குக் கடத்தினார்கள். மதுவிலக்கு நீங்கிய பிறகும் வரிக்குப் பயந்து இந்தக் கடத்தல் நீண்ட காலம் தொடர்ந்தது. வெளித்தோற்றத்தில் சாதாரணமாகத் தெரியும் காரின் எஞ்சினை மட்டும் மாற்றி, பொலிஸாருக்குப் பிடிகொடாமல் வளைவுகளில் பறந்தார்கள். அந்தச் சாரதிகள் ஓய்வு நாட்களில் தங்களுக்குள் யார் கெட்டிக்காரன் என்று பார்க்க ஓடியதும் இந்தப் பந்தயத்தின் மூலங்களுள் ஒன்று. 1948ஆம் ஆண்டில் பில் பிரான்ஸ் என்பவர் புளோரிடாவின் டேடோனா கடற்கரை நகரில் 'நாஸ்கார்' என்ற அமைப்பைத் தொடங்கி இவற்றையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டு வந்தார்.

ஸ்கொட் பிறந்தது 1921 ஒகஸ்ட் 29ஆம் திகதி. டான்வில் நெசவாலைக்கும் புகையிலைக்கும் பேர்போன ஊர். தந்தை வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் கார் சாரதியாகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தார். மகனுக்குக் கார் வித்தை அங்கேதான் கைவந்தது. நெசவாலை வேலைக்கு மட்டும் போகமாட்டேன் என்பதில் ஸ்கொட் உறுதியாக இருந்தார். அது அவருக்குச் சிறைச்சாலை மாதிரித் தெரிந்தது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி டக்ஸி ஓட்டினார். 1943இல் மேரி கோல்ஸ் என்ற பெண்ணை மணமுடித்தார். இரண்டாவது உலகப் போரில் இராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அந்த இராணுவத்திலும் கறுப்பருக்கு வேறு பிரிவு, வெள்ளையருக்கு வேறு பிரிவு.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் ஒரு கராஜை ஆரம்பித்தார். குடும்பம் பெருகியது, வருமானம் போதவில்லை. அவரும் இரவில் சாராயம் கடத்தலானார். இதை நாம் நியாயப்படுத்தத் தேவையில்லை, மறைக்கவும் தேவையில்லை. பல தடவை தப்பியவர் 1949இல் அகப்பட்டார். சிறைக்கு அனுப்பாமல் மூன்று வருட நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1952ஆம் ஆண்டில் டான்வில் பந்தயத்திடலை நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. கறுப்பர் ஒருவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கவாவது ஆட்கள் வருவார்களே என்று யோசித்தார்கள். ஆளைத் தேடி அவர்கள் போன இடம் பொலிஸ் நிலையம். உங்களால் துரத்திப் பிடிக்க முடியாத கறுப்பினச் சாரதி யார் என்று கேட்டார்கள். பொலிஸார் சொன்ன பெயர் வென்டல் ஸ்கொட்.

அவ்வருடம் மே 23ஆம் திகதி அவர் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓடினார். பார்வையாளரிற் சிலர் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள், காரும் இடையிலே பழுதாகி நின்றது. ஆனால் இதுதான் தன் தொழில் என்று அன்றே அவர் மனதில் முடிவாகிவிட்டது. மறுநாளே காரைத் திருத்தி, வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் நகரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். கறுப்பருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணீரோடு வீடு திரும்பியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சில நாட்களின் பின் இன்னோர் ஊர். அங்கே கிடைத்த பதில் இன்னும் கொடியது. கார் ஓடலாம், ஆனால் ஓட்டுவதற்கு ஒரு வெள்ளைக்காரப் பையனை ஏற்று என்றார்கள். கையால் உழைத்து உருவாக்கிய வண்டிக்கு அனுமதியுண்டு, அதை உருவாக்கிய கைக்கு அனுமதியில்லை!

அவர் சண்டை பிடிக்கவுமில்லை, விட்டுவிடவுமில்லை. நாஸ்கார் அல்லாத சிறு திடல்களில் ஓடினார். முதலாவது ஓட்டத்திலிருந்து பன்னிரண்டே நாட்களில், லிஞ்ச்பர்க் என்ற ஊரில் ஒரு சிறு ஓட்டத்தில் வென்றுவிட்டார். சில சாரதிகள் வேண்டுமென்றே அவருடைய காரை இடித்துத் தள்ளினார்கள். அவரால் திருப்பி இடிக்க முடியாது. இடித்தால், வெளியே போ என்று சொல்ல அதுவே போதுமான காரணமாகிவிடும். ஆனால் எல்லா வெள்ளையரும் அப்படியென்று எழுதினால் அதுவும் நியாயமாகாது. கைத்திறமையையும் அடக்கத்தையும் கண்டு அவரோடு நட்பானவர்கள் இருந்தார்கள். கூட்டத்தில் யாராவது கைவைக்க வந்தால் குறுக்கே நின்ற வெள்ளைச் சாரதிகளும் இருந்தார்கள்.

சில காலத்தின் பின் ரிச்மண்ட் நகரத் திடலில் மைக் போஸ்டன் என்ற அதிகாரி, மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிராமல், ஸ்கொட்டுக்கு நாஸ்கார் லைசன்ஸ் கொடுத்துவிட்டார். 1954இல் ஒரு பந்தயத்தில் தூரத்திலிருந்து வந்த வெள்ளைச் சாரதிகளுக்கெல்லாம் பெற்றோல் காசு கொடுத்த ஏற்பாட்டாளர் ஸ்கொட்டுக்கு மட்டும் கையை விரித்தார். அன்று அங்கிருந்த பில் பிரான்ஸிடம் ஸ்கொட் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார். பிரான்ஸ் தன் சட்டைப்பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கொடுத்து, நாஸ்காரில் உன் நிறத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற கருத்தில் உறுதியளித்தார். இந்த உறுதிமொழியை மறந்துவிடாதீர்கள். ஒன்பது வருடங்களின் பின் நடந்ததை வாசிக்கும்போது இது ஞாபகம் வரவேண்டும்.

1959இல் தன் மாநிலத்துச் சிறுதரப் பந்தயங்களில் ஸ்கொட் சம்பியனானார். 1961 மார்ச்சில், தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் திடலில், நாஸ்காரின் முதல்தரப் பிரிவில் காலடி வைத்தார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. மற்றவர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கும் பருவம்.

மேரியின் பங்கு

சகோதரிகளே, இனித்தான் நான் சொல்ல விரும்பிய பகுதி வருகிறது.

அந்தக் காலத்தில் பெரிய சாரதிகளுக்குப் பின்னால் கார்க் கொம்பனிகள் நின்றன. புதிய கார், புதிய எஞ்சின், புதிய டயர், சம்பளத்துக்கு மெக்கானிக்குகள். ஸ்கொட்டுக்குப் பின்னால் நின்றது அவருடைய வீடு மட்டுமே. பிறர் ஓடிக் கழித்த கார்களை வாங்கினார். பழைய உதிரிப்பாகங்களைத் தேடிப் பொருத்தினார். மற்றவர்களின் கார்களில் மெக்கானிக் இன்னார் என்று பெயர் எழுதப்பட்டிருக்கும். ஸ்கொட்டின் காரில் 'மெக்கானிக்: நான்' என்று எழுதியிருந்தது. இதில் பகிடியும் உண்டு, ரோசமும் உண்டு.

பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற, எண்ணெய் நிரப்ப வண்டியை நிறுத்துவார்கள். பெரிய சாரதிகள் ஆசனத்திலேயே இருக்க, பயிற்சி பெற்ற ஆட்கள் ஓடிவந்து காரியத்தை முடிப்பார்கள். ஸ்கொட்டுக்கு ஆள் போதாத நாட்களில் அவரே இறங்கி வேலை செய்துவிட்டு மீண்டும் ஏறி ஓடுவார். மற்ற நாட்களில் அவருடைய மகன்மார் வென்டல் ஜூனியரும் ஃபிராங்கும் நின்றார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள்! மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தே போனார்கள். கிழமை நாட்களில் கராஜில் ஊரார் கார்களைத் திருத்துவது, இரவில் பந்தயக் காரைத் திருத்துவது, வெள்ளியென்றால் புறப்படுவது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் நடந்தன. இன்றைக்கு ஒரு மாநிலம், நான்கு நாளில் இன்னொரு மாநிலம்.

பயணமென்றால் நாம் பழகிய பயணமல்ல. 1964ஆம் ஆண்டு குடியியல் உரிமைகள் சட்டம் வரும்வரை தென் மாநிலங்களில் வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளில் கறுப்பரை உள்ளே இருத்த மாட்டார்கள். தங்குமிடங்களில் அறை கொடுக்க மாட்டார்கள். மலசலகூடத்துக்குக்கூட வேறு வாசல், அல்லது வாசலே இல்லை. சட்டம் வந்த பிறகும் பல ஊர்களில் பழைய வழக்கமே தொடர்ந்தது. குழந்தைகளோடு நூற்றுக்கணக்கான மைல் போகும் ஒரு தாய்க்கு இது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பசிக்கிறது என்கிறது, வழியில் கடை இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது, ஆனால் வாங்க முடியாது. ஆகவே மேரி வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொண்டு போனார். காரிலேயே உண்டார்கள், காரிலேயே உறங்கினார்கள். கணவர் ஓடும்போது மரண பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்பது ஒருபுறம். அந்தக் காருக்காக எத்தனை செலவு வீட்டிலிருந்து போனது என்று கணக்குப் பார்ப்பது மறுபுறம்.

அந்தக் கணக்கையும் பார்ப்போம். அவர் முதல்தரப் பிரிவில் மொத்தம் 495 பந்தயங்களில் ஓடினார். 147 தடவை முதற் பத்து இடங்களுக்குள் வந்தார், அவற்றில் 20 தடவை முதல் ஐந்துக்குள். 1966இல் வருட மொத்தப் புள்ளிகளில் ஆறாவது இடம். கொம்பனிக் கார்களோடு பழைய காரில் ஓடிய ஒருவருக்கு இது சாதாரணமல்ல. ஆனால் அத்தனை வருடங்களிலும் கிடைத்த பரிசுப் பணம் ஏறக்குறைய 180,000 டொலர்தான். டயர், எஞ்சின், பெற்றோல், திருத்தம் எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். பல நாள் அவர் வேகத்தைக் கட்டுப்படுத்தியே ஓட வேண்டியிருந்தது. கார் உடைந்தால் அடுத்த கிழமைப் பந்தயமில்லை, பந்தயமில்லாவிட்டால் பணமுமில்லை. வெல்வதற்காக ஓடுவது ஒன்று, வீட்டுக்குப் பணம் கொண்டு வருவதற்காகக் காரைக் காப்பாற்றி ஓடுவது வேறொன்று. கொம்பனிக்காரர் முதலாவதைச் செய்தார்கள், ஸ்கொட் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்தார்.

ஜக்சன்வில் பந்தயம்

1963 டிசம்பர் 1ஆம் திகதி. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது நாட்கள்தான் ஆகியிருந்தன. அவ்வருடம் முழுவதும் தென் மாநிலங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்தன. ஸ்கொட்டின் சொந்த ஊரான டான்வில்லிலேயே ஜூன் மாதத்தில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் பொலிஸார் பொல்லாலும் தண்ணீர்க் குழாயாலும் அடித்து விரட்டியிருந்தார்கள்.

அந்த டிசம்பர் நாளில் புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் அரை மைல் புழுதித் திடலில் 200 சுற்றுப் பந்தயம் நடந்தது. நெட் ஜெரட் என்ற புகழ்பெற்ற சாரதியிடம் வாங்கிய பழைய செவ்ரோலே காரில் ஸ்கொட் ஓடினார். காரின் இலக்கம் 34. திடல் குண்டும் குழியுமாகக் கிடந்தது, மற்றவர்களின் கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. பழைய வண்டியைக் கவனமாக ஓட்டிப் பழகியவருக்கு அது சாதகமாயிற்று. இன்னும் 25 சுற்றுகள் இருக்கையில், முன்னால் போய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியை முந்தினார். அதன் பிறகு அவரை முந்த ஒருவருமில்லை.

பந்தயம் முடிந்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடியை அசைப்பார்கள். ஸ்கொட் 200 சுற்றுகளையும் முடித்தார். கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று ஓடினார். அப்போதும் அசையவில்லை. மேலும் ஒரு சுற்று. 202 சுற்றுகள் ஓடிய அவரை விட்டுவிட்டு, பின்னால் வந்த பக் பேக்கருக்குக் கொடி அசைந்தது. பேக்கர் வெற்றி மேடைக்குப் போனார். கிண்ணம் அவர் கையில் கொடுக்கப்பட்டது, புகைப்படம் எடுக்கப்பட்டது, வழக்கப்படி அழகுராணி வந்து முத்தமும் கொடுத்தாள்.

ஸ்கொட் தானே வென்றதாக முறையிட்டார். சுற்றுத் தாள்களை மீண்டும் சரிபார்த்தார்கள். அந்தக் காலத்தில் கணினி கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் அமர்ந்து, கார் கடக்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்வார். பல திடல்களில் சாரதிகளின் மனைவிமாரே இந்த வேலையைச் செய்தார்கள். ஆகவே எண்ணிக்கையில் பிழை வருவது உண்டு. ஆனால் ஒன்றிரண்டு நொடியில் முந்திய பிழை வேறு, இரண்டு முழுச் சுற்று முந்தியவரைக் காணாமல் விட்ட பிழை வேறு. இரண்டு மணித்தியாலங்களின் பின், பார்வையாளரெல்லாம் கலைந்து போனதன் பிறகு, வென்றவர் ஸ்கொட்தான் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். எண்ணிக்கைப் பிழை என்று காரணம் சொன்னார்கள். ஸ்கொட் அதை ஒருபோதும் நம்பவில்லை. ஒரு வெள்ளைக்கார அழகுராணி ஒரு கறுப்பு மனிதனுக்கு ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் முத்தமிடும் காட்சி அந்த ஊரில் நடக்கக்கூடாது என்பதே உண்மைக் காரணம் என்று அவர் கடைசிவரை சொன்னார். மனிதருக்கு முத்தம் வேண்டியிருக்கவில்லை, சகோதரிகளே! வென்ற இடத்தில் வென்றவனாக நிற்பதுதான் வேண்டியிருந்தது.

வெற்றிக்குரிய 1,000 டொலர் பரிசுப் பணத்தைக் கொடுத்தார்கள். கிண்ணம் பேக்கரோடு போய்விட்டது, திரும்பி வரவில்லை. பிறகொரு நாள் ஸ்கொட்டுக்கு ஏதோ மரத்துண்டில் செய்த மலிவான ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பெயர்கூட இல்லை.

பணம் வந்துவிட்டதே, பதிவேட்டிலும் பெயர் திருத்தப்பட்டுவிட்டதே, ஒரு தகரக் கிண்ணத்துக்காக ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. ஒருவரைப் பலர் முன்னிலையில் அவமதித்துவிட்டு, யாருமில்லாத நேரத்தில் காதோடு காதாக மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகுமா? வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் பரிசை மேடையில் இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் சான்றிதழை வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும் பேசாமல் இருப்பார்களா? அன்று திடலிலிருந்து வீடு திரும்பிய சனங்கள் பேக்கர் வென்றதாகவே சொல்லிக்கொண்டு போனார்கள்.

வேறு சில கதவுகளும் மூடியே கிடந்தன. தென் கரோலினாவின் டார்லிங்டன் திடலில் வருடக்கணக்காக அவரை ஓடவிடவில்லை. நாஸ்கார் லைசன்ஸ் கையில் இருந்தும் அதுதான் நிலை. பில் பிரான்ஸ் 1954இல் கொடுத்த உறுதிமொழி எவ்வளவு தூரம் நின்றது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கார்

வயது ஐம்பதைத் தாண்டியது. நல்ல கார் ஒன்று இருந்தால் இன்னும் ஒரு தடவையாவது வெல்லலாம் என்ற ஆசை ஸ்கொட்டை விடவில்லை. கடன்பட்டு ஒரு மெர்குரிக் காரை வாங்கினார். 1973 மே மாதம் அலபாமா மாநிலத்தின் டாலடேகா திடலில் அந்தக் காரோடு இறங்கினார். உலகின் மிக வேகமான திடல்களுள் அது ஒன்று. தொடக்கச் சுற்றுகளிலேயே ஏறக்குறைய இருபது கார்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறின. ஸ்கொட்டின் விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. கார் இரும்புக் குவியலாயிற்று, கடன் மட்டும் முழுதாக எஞ்சியது. அவ்வருடம் ஒக்டோபரில் சார்லட் நகரில் இன்னும் ஒரேயொரு பந்தயத்தில் ஓடிப் பன்னிரண்டாவதாக வந்தார். அத்தோடு ஓட்டம் முடிந்தது.

கராஜுக்கே திரும்பினார். 1977இல் அவருடைய வாழ்க்கையை வைத்து ஹொலிவூட்டில் ஒரு படமும் வந்தது. ரிச்சர்ட் பிரையர் என்ற நகைச்சுவை நடிகர் ஸ்கொட்டாக நடித்தார். திரையில் பெயர் வந்தது, வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1990 டிசம்பர் 23ஆம் திகதி, முள்ளந்தண்டில் ஏற்பட்ட புற்றுநோயால் டான்வில்லில் காலமானார்.

சாகும்வரை அவர் அந்தக் கிண்ணத்தை மறக்கவில்லை. பிள்ளைகளும் மறக்கவில்லை. சின்ன வயதில் டயர் மாற்றிய அதே மகன்மார், பிறகு பேரப்பிள்ளைகள், விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். பேரன் வொரிக் ஸ்கொட் பாட்டனாரின் பெயரில் ஒரு நிதியத்தை நடத்தி, பிள்ளைகளின் கல்விக்கு உதவிக்கொண்டே இந்த வழக்கையும் உயிரோடு வைத்திருந்தார். அவர்கள் கேட்டது நட்டஈடல்ல. அன்று கொடுத்திருக்க வேண்டியதை இன்றாவது கொடுங்கள் என்பதே.

மரியாதைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவர் குடியிருந்த தெருவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2010இல் ஜக்சன்வில் நகரப் பந்தயச் சங்கமொன்று அக்காலத்துக் கிண்ணத்தைப் போல ஒன்றைச் செய்து குடும்பத்திடம் கொடுத்தது. அது நாஸ்கார் கொடுத்ததல்ல. 2015 ஜனவரி 30ஆம் திகதி, சார்லட் நகரிலுள்ள நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் ஸ்கொட்டின் பெயர் சேர்க்கப்பட்டது. அங்கே இடம்பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவர். புகழ் மண்டபத்தில் இடமுண்டு, ஆனால் வென்ற கிண்ணம் இன்னும் இல்லை. இதைவிட விசித்திரம் உண்டா?

2021 ஒகஸ்ட் 28ஆம் திகதி டேடோனா திடலில், பந்தயம் பார்க்கக் கூடியிருந்த சனக்கூட்டத்தின் முன்னிலையில், நாஸ்கார் அதிகாரிகள் ஸ்கொட்டின் குடும்பத்தாரை அழைத்து ஜக்சன்வில் வெற்றிக்கான கிண்ணத்தைக் கையளித்தார்கள். அவர் உயிரோடிருந்திருந்தால் மறுநாள் அவருக்கு நூறு வயது. மகன் ஃபிராங்க் அதை வாங்கும்போது முதியவராகியிருந்தார். 1963க்கும் 2021க்கும் இடையில் ஐம்பத்தேழு வருடங்களும் ஒன்பது மாதங்களும்.

அந்த இடைக்காலத்தில் வேறெந்தக் கறுப்பினச் சாரதியும் நாஸ்காரின் முதல்தரப் பிரிவில் வெல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கொட் திறந்த கதவு அவருக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது போலத்தான் இருந்தது. பப்பா வொலஸ் என்ற இளைஞர் 2013 ஒக்டோபரில், டான்வில்லுக்கு அண்மையிலுள்ள மார்ட்டின்ஸ்வில் திடலில், நாஸ்காரின் சிறு லொறிப் பந்தயமொன்றில் வென்றார். அது கீழ்ப்பிரிவு. முதல்தரப் பிரிவுக்கு வந்த பிறகு, 2020 ஜூனில், பந்தயத்திடல்களில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் பழைய கொடியை அசைப்பதை நிறுத்த வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். சில நாட்களில் நாஸ்கார் அதைத் தடை செய்தது. ஸ்கொட் ஓடிய காலமெல்லாம் பார்வையாளர் வரிசையில் பறந்த கொடி அது.

ஸ்கொட்டின் குடும்பம் கிண்ணத்தைப் பெற்று ஐந்து கிழமைகளின் பின், 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, டாலடேகாவில் வொலஸ் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். ஸ்கொட்டின் எலும்புகள் முறிந்த அதே திடல். 188 சுற்றுப் பந்தயத்தில் 117 சுற்றுகள் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கார்களை நிறுத்திவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். மழை விடவில்லை. அதிகாரிகள் பந்தயத்தை அத்தோடு முடித்து, வென்றவர் வொலஸ் என்று அறிவித்தார்கள். கிண்ணத்தை அன்றைக்கே, அந்தத் திடலிலேயே அவருடைய கையில் கொடுத்தார்கள்.